நிரல் புத்தகத்தை எப்படிப் படிப்பது?

கணினி நிரலாக்கம் கற்பிக்கும் புத்தகம் ஒன்றைக் கடைசிப் பக்கம் வரை ஊன்றிப் படித்து, எல்லாம் புரிந்துவிட்டது என்ற நிறைவோடு மூடி வைத்தபின், ஒரு சிறு நிரலையேனும் சொந்தமாக எழுத உட்காரும்போது முதல் வரிக்கே வழி தெரியாமல் நின்றுவிடுகிறவர்கள் பலர். நானும் அப்படி நின்றவன்தான். ஏறத்தாழ முந்நூறு பக்கமுள்ள புத்தகத்தை இரண்டே வாரத்தில் முடித்திருந்தேன். முக்கியமான இடங்களில் பென்சிலால் அடிக்கோடும் இட்டிருந்தேன். கொடுக்கப்பட்ட சில எண்களுள் மிகப் பெரியது எது என்று சொல்லும் நிரலை எழுதிக் காட்டும்படி நண்பர் ஒருவர் கேட்டார். அரை மணி நேரம் கழித்துத் திரையில் இருந்தவை இரண்டு வரிகள். அவற்றிலும் ஒன்று தவறு.

இது அறிவின் குறையும் அன்று, புத்தகத்தின் குறையும் அன்று. படித்த முறையின் குறை. பிறர் எழுதிய நிரலை, பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும் விளக்கத்தோடு சேர்த்துப் படிக்கும்போது நம் மனம் செய்கிற வேலை இனங்காணுதல் மட்டுமே. இந்த வரி இதைச் செய்கிறது, அடுத்த வரி அதைச் செய்கிறது, சரிதான் என்று தலையசைத்தபடியே பக்கங்களைக் கடந்துவிடலாம். சொந்தமாக எழுதும்போதோ, எந்த வரி வேண்டும், அது எங்கே வரவேண்டும், ஏன் அங்கே வரவேண்டும் என்பவற்றையெல்லாம் வெற்றுத் திரையிலிருந்து நாமே வரவழைக்க வேண்டியிருக்கிறது. முன்னது கைவந்துவிட்டதாலேயே பின்னதும் கைவந்துவிடும் என்று நம்புவதில்தான் புதியவர்கள் முதலில் ஏமாறுகிறார்கள்.

ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பொருந்தும். மாணவர்களில் ஒரு சாரார் ஓர் உரைப்பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். மற்றொரு சாரார் படித்துவிட்டு, அதை மூடிவைத்து, நினைவில் உள்ளதை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழாயிற்று. அங்கே படிக்கக் கொடுத்தது நிரல் அன்று, சாதாரண உரைநடைதான். ஆனாலும், படித்து முடித்த அந்த நேரத்தில் தோன்றும் ‘புரிந்துவிட்டது’ என்ற உணர்வை எவ்வளவு நம்பலாம் என்பதை அது காட்டிவிடுகிறது.

அப்படியானால் நிரல் புத்தகத்திலிருந்து நாம் உண்மையில் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? கட்டளைச் சொற்களின் பட்டியல் அன்று; அதை எப்போது வேண்டுமானாலும் தேடி எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொள்ள வேண்டியது, நிரல் ஓடும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பற்றிய ஒரு மனச்சித்திரம். நிரலாக்கக் கல்வியை ஆராய்ந்த பெனடிக்ட் டு பூலே என்பவர் 1980-களில் இதற்கு ‘நோஷனல் மெஷின்’ என்ற பெயரைப் பயன்படுத்தினார்; கற்பனை இயந்திரம் என்று நாம் சொல்லலாம். கணினியின் மின்சுற்றுகளை அறிந்திருக்க வேண்டும் என்பது இதன் பொருள் அன்று. நாம் எழுதும் மொழியில் ஒரு வரி இயங்கினால் எது மாறும், எது மாறாது, அடுத்து எந்த வரிக்குப் போகும் என்று சொல்லக்கூடிய எளிய இயந்திரம் ஒன்று நம் மனத்துக்குள் ஓட வேண்டும் என்பதே பொருள். அது தவறாக ஓடினால், எத்தனை புத்தகம் படித்தாலும் நிரல் தவறாகவே வரும்.

ஒரு சிறு எடுத்துக்காட்டைப் பார்ப்போம். எந்த மொழிக்கும் பொருந்தும்படி இதைத் தமிழிலேயே எழுதுகிறேன். இரண்டு மாறிகளில், அதாவது மதிப்பை வைத்துக்கொள்ளும் பெயரிட்ட இடங்களில், உள்ள மதிப்புகளை ஒன்றுக்கொன்று இடம் மாற்ற வேண்டும் என்று புதியவர் ஒருவரிடம் சொன்னால், அவர் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுவார்.

அ = 5
ஆ = 8
அ = ஆ
ஆ = அ

கண்ணால் பார்த்தால் சரியாகத்தான் தோன்றுகிறது: அ-வில் ஆ-வை வைத்தோம், ஆ-வில் அ-வை வைத்தோம், இடம் மாறிவிட்டன. இப்போது ஒரு தாளை எடுத்து, அ என்றும் ஆ என்றும் இரண்டு பத்திகள் வரைந்து, ஒவ்வொரு வரி முடிந்ததும் எந்தப் பத்தியில் எந்த எண் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு வாருங்கள். முதல் இரண்டு வரிகள் முடிந்ததும் 5, 8. மூன்றாவது வரி முடிந்ததும் 8, 8. அந்த நொடியே 5 என்ற எண் எங்கும் இல்லாமல் போய்விட்டது. நான்காவது வரி என்ன செய்தாலும் அதை மீட்க முடியாது. ஆகவே கடைசியில் கிடைப்பது 8, 8. மூன்றாவது வரிக்கு முன்னால் அ-வின் மதிப்பை வேறொரு மாறியில் பத்திரப்படுத்திவிட்டு, கடைசி வரியில் அந்த மாறியிலிருந்து எடுத்து ஆ-வில் வைத்தால் சிக்கல் தீர்ந்தது.

இங்கே புதியவரைத் தடுக்கி விழச் செய்தது சமக்குறி. கணக்குப் பாடத்தில் அது இரண்டு பக்கங்களும் சமம் என்ற உண்மையைச் சொல்லும் குறி; பெரும்பாலான நிரல் மொழிகளில் அது வலப்பக்கத்தைக் கணக்கிட்டு, வந்த விடையை இடப்பக்கப் பெயரில் வை என்ற கட்டளை. ‘எண் = எண் + 1’ என்ற வரியைக் கணக்காகப் பார்த்தால் அபத்தம்; கட்டளையாகப் பார்த்தால் எண்ணின் மதிப்பை ஒன்று கூட்டச் சொல்கிறது, அவ்வளவுதான். இந்த வேறுபாட்டைப் புத்தகம் அரைப் பக்கத்தில் சொல்லி முடித்துவிடும். நம் மனச்சித்திரத்தில் அது படிவதற்கோ, தாளும் பென்சிலுமாகப் பத்துப் பதினைந்து சிறு நிரல்களையாவது வரிவரியாக ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். இப்படிக் கையால் ஓட்டிப் பார்ப்பதைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. அனுபவமுள்ளவர்களும் சிக்கலான இடத்தில் சிக்கிக்கொண்டால் இதைத்தான் செய்கிறார்கள். தாளுக்குப் பதிலாக, நிரலை வரிவரியாக நிறுத்தி ஓட்டிக் காட்டும் டீபக்கர் என்ற கருவியில் செய்கிறார்கள்.

இனி, புத்தகத்தில் உள்ள நிரல்களை என்ன செய்வது என்பதைப் பார்ப்போம். முதல் வேலை, அவற்றை நகலெடுத்து ஒட்டாமல் விரலால் தட்டச்சு செய்வது. தட்டச்சுப் பழகுவதற்காக இதைச் சொல்லவில்லை. கண் ஓடும் வேகத்தில் காற்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் கண்ணில் படுவதில்லை. விரல் ஒவ்வொன்றையும் கடந்தாக வேண்டும். தட்டச்சு செய்யும்போது நேரும் பிழைகளும் பாடத்தின் பகுதியே. இரண்டாவது வேலை, ஓட்டுவதற்கு முன்னால் என்ன விடை வரும் என்று எழுதி வைப்பது. மனத்தில் நினைத்துக்கொண்டால் போதாது, எழுத வேண்டும். விடை வந்தபிறகு ‘நான் நினைத்ததும் இதுதான்’ என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது மிக எளிது. எழுதியதும் வந்ததும் ஒன்றாக இருந்தால் மேலே செல்லலாம். வேறாக இருந்தால், நம் மனத்தில் ஓடும் இயந்திரம் எங்கே பிசகியிருக்கிறது என்பதைக் கணினி நமக்குச் சுட்டிக்காட்டிவிட்டது. அந்த இடத்தில்தான் நின்று நிதானிக்க வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்த வேலை: சரியாக ஓடும் நிரலைக் கெடுத்துப் பார்ப்பது. என்னைத் திணறடித்த அந்தப் பழைய கணக்கையே எடுத்துக்கொள்வோம்.

பெரியது = 0
பட்டியலில் உள்ள ஒவ்வோர் எண்ணுக்கும்:
    எண் > பெரியது எனில்:
        பெரியது = எண்
பெரியதைக் காட்டு

பட்டியலில் 4, 19, 7 ஆகிய எண்கள் இருந்தால் விடை 19. புத்தகம் இத்தோடு நிறுத்திக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடும். நாம் போக வேண்டியதில்லை. பெரியது என்னும் குறியைத் திருப்பிச் சிறியது என்று மாற்றினால் என்ன வரும்? மிகச் சிறிய எண்ணான 4 வரும் என்றுதான் பலரும் எழுதுவார்கள். வருவது 0. மூன்று எண்களில் எதுவும் 0-வை விடச் சிறியது இல்லையாதலால் உள்ளே இருக்கும் வரி ஒருமுறைகூட இயங்கவில்லை. அடுத்து, குறியைப் பழையபடி வைத்துவிட்டு, கடைசி வரியைச் சற்று வலப்பக்கம் தள்ளி, திரும்பத் திரும்ப இயங்கும் பகுதிக்குள், அதாவது லூப்புக்குள் வரும்படி ‘எனில்’ என்ற வரிக்கு நேராக வையுங்கள். இப்போது திரையில் 4, 19, 19 என்று மூன்று விடைகள் வரும். இன்னும் சற்றுத் தள்ளி, ‘பெரியது = எண்’ என்ற வரிக்கு நேராக வைத்தால் 4, 19 என்று இரண்டே வரும். ஒரு வரி எவ்வளவு உள்ளே தள்ளி நிற்கிறது என்பது பைத்தான் போன்ற மொழிகளில் அழகுக்காக அன்று, பொருளுக்காக என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பத்தியும் விளக்கிவிட முடியாது.

இன்னும் முடியவில்லை. நிரலை முதலில் இருந்தபடியே வைத்து, பட்டியலில் -7, -3, -12 என்று எதிர்ம எண்களைக் கொடுங்கள். விடையாக 0 வரும். அப்படி ஓர் எண் பட்டியலிலேயே இல்லை. பிழைச் செய்தி எதுவும் வராது, நிரல் கம்பீரமாக ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு முடிந்துவிடும். தொடக்கத்தில் 0 என்று வைத்ததுதான் காரணம் என்று கண்டுபிடித்து, பட்டியலின் முதல் எண்ணையே தொடக்க மதிப்பாக வைத்தால் -3 என்ற சரியான விடை கிடைக்கும். சரி, பட்டியல் காலியாக இருந்தால்? முதல் எண்ணே இல்லை. நிரல் பிழை காட்டி நின்றுவிடும். காலிப் பட்டியலில் மிகப் பெரிய எண் எது என்ற கேள்விக்குக் கணினியிடம் விடை கிடையாது. எழுதுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஐந்து வரி நிரல் ஒன்று நம்மை இவ்வளவு தூரம் கொண்டுவந்துவிட்டது. ஒரு நாளைக்கு இப்படி ஒரே ஒரு நிரலைக் குடைந்தாலும், நாற்பது பக்கம் படிப்பதைவிட அது மேல் என்பது என் கருத்து.

நான்காவது வேலை அடுத்த நாளுக்குரியது. புத்தகத்தைத் திறக்காமல், முந்தைய நாள் நிரலை நினைவிலிருந்து எழுத வேண்டும். எழுத்துக்கு எழுத்து அப்படியே வரவேண்டியதில்லை; வேலை செய்தால் போதும். வரவில்லையென்றால் புத்தகத்தைத் திறந்து, தடைப்பட்ட இடத்தை மட்டும் பார்த்து, மூடிவிட்டுத் தொடரலாம்.

பாடத்தின் முடிவில் வரும் பயிற்சிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் தாண்டிச் செல்லும் பக்கங்கள் அவைதாம். நல்ல புத்தகத்தில் பாடம் பயிற்சிக்கு முன்னுரைதான். கணினி அறிஞர் டொனால்ட் நூத் 1968-இல் வெளியிடத் தொடங்கிய ‘தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்’ புதியவர்களுக்கான நூல் அன்று. ஆனால் அதில் ஒவ்வொரு பயிற்சிக்கும் 0 முதல் 50 வரை ஓர் எண் கொடுக்கும் வழக்கம் கவனிக்கத் தக்கது. 10 என்று போட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடியும் கணக்கு. 20 என்றால் கால் மணி முதல் இருபது நிமிடம். 30 என்றால் இரண்டு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். 50 என்றால் இதுவரை யாருமே தீர்க்காத ஆராய்ச்சிக் கணக்கு. நெடுங்காலம் நிறுவப்படாமல் இருந்த கணிதக் கூற்றான ஃபெர்மாவின் கடைசித் தேற்றம் முன்பு 50 என்ற எண்ணோடு ஒரு பயிற்சியாக அதில் இருந்தது. அது நிறுவப்பட்ட பிறகு வந்த பதிப்பில் 45 ஆகக் குறைந்தது! நகைச்சுவை ஒருபுறம் இருக்க, ஒரு கணக்கோடு எவ்வளவு நேரம் மல்லுக்கட்டுவது நியாயம் என்பதை வாசகருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது பெரிய உதவி. நம் கையில் உள்ள புத்தகத்தில் அந்த எண் இருக்காது; நாமே ஒரு கெடு வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் கெடு முடிவின்றி நீளக் கூடாது. விடையைப் பார்ப்பதே பாவம் என்பதுபோல நாள் கணக்கில் ஒரே பயிற்சியோடு தவிக்கும் மாணவர்களும் இருக்கிறார்கள். ஜான் ஸ்வெல்லர் என்ற கல்வி உளவியலாளர் 1980-களில் இயற்கணிதக் கணக்குகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், அடிப்படையே இன்னும் பிடிபடாதவர்களுக்குத் தனியாகப் போராடுவதைவிட, செய்து காட்டிய கணக்குகளை ஆராய்ந்து படிப்பது அதிகப் பயன் தந்தது. தொடக்கத்தில் அரை மணி நேரம் முயன்றும் எந்தப் பக்கம் நகர்வதென்றே தெரியாவிட்டால் விடையைப் பார்க்கலாம். பார்த்தபின் செய்வதுதான் முக்கியம்: விடையை மூடிவைத்துத் தானாக எழுத வேண்டும், எழுதியதை மேலே சொன்னபடி கெடுத்துப் பார்க்க வேண்டும், பிறகு கேள்வியைச் சிறிது மாற்றி, பெரிய எண்ணுக்குப் பதிலாக இரண்டாவது பெரிய எண்ணைக் கேட்டால் எப்படி எழுதுவது என்று முயல வேண்டும். கேட்ட உடனே நிரலை எழுதிக் கொடுக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளையும் இதே வழியில் பயன்படுத்தலாம். அவை கொடுக்கும் நிரல் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் விடை போன்றதுதான். வித்தியாசம், அது சில நேரம் தவறாகவும் இருக்கும்.

எந்த மொழியில் தொடங்குவது என்ற விவாதத்தில் புதியவர்கள் வாரக்கணக்கில் நேரத்தைச் செலவிடுகிறார்கள். பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், ஜாவா, சி ஆகியவற்றில் எதை எடுத்தாலும் மாறி, நிபந்தனை, லூப், ஒரு வேலையைப் பெயரிட்டுத் தனியே எழுதி வைக்கும் ஃபங்ஷன் என்ற அடிப்படைகள் ஒன்றே. கையில் நல்ல புத்தகம் எந்த மொழிக்கு இருக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு, அதை முடிக்கும்வரை வேறு மொழிக்குத் தாவாமல் இருந்தால் போதும்.

ஆனால் புத்தகம் மொழியின் எந்தப் பதிப்புக்காக எழுதப்பட்டது என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பைத்தான் மொழியின் மூன்றாம் பதிப்பு 2008-இல் வந்தது; இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 தொடக்கத்தில் முடிந்துவிட்டது; ஆனால் இரண்டாம் பதிப்புக்கு எழுதிய புத்தகங்கள் நூலகங்களில் இன்னும் இருக்கின்றன. அவற்றில் ‘பிரின்ட்’ என்ற கட்டளைக்குப் பின்னால் அடைப்புக்குறி இருக்காது. அப்படியே தட்டச்சு செய்தால் இன்றைய பைத்தான் பிழை என்று சொல்லிவிடும். சொல்லிவிடுவதால் அது ஆபத்தில்லாத வேறுபாடு. சொல்லாமல் விடும் வேறுபாடுகள்தான் குழப்பும். 7-ஐ 2-ஆல் வகுத்தால் பழைய பதிப்பில் 3. புதிய பதிப்பில் 3.5. பயனரிடம் இரண்டு எண்களை ‘இன்புட்’ கட்டளையால் கேட்டு வாங்கிக் கூட்டும் நிரலில், அவர் 5 என்றும் 8 என்றும் கொடுத்தால் பழைய பதிப்பு 13 என்று காட்டும். புதிய பதிப்பு 58 என்று காட்டும். புதிய பதிப்பில் விசைப்பலகையிலிருந்து வருவது எதுவானாலும் அது எண் அன்று, எழுத்துச் சரம், அதாவது எழுத்துகளின் வரிசை; இரண்டு சரங்களைக் கூட்டினால் அவை அடுத்தடுத்து ஒட்டிக்கொள்ளும். எண்ணாக மாற்றிவிட்டுக் கூட்ட வேண்டும். புத்தகத்தில் 13 என்றும் திரையில் 58 என்றும் இருந்தால், புதியவர் முதலில் சந்தேகப்படுவது தன்னைத்தான். முன்னட்டையின் உட்பக்கத்தில் உள்ள ஆண்டை ஒருமுறை பார்த்திருந்தால் அந்த வேதனை தேவைப்பட்டிருக்காது.

கெர்னிகனும் ரிச்சியும் சி மொழிக்கு எழுதி 1978-இல் வெளியான புத்தகம் பரவலாக்கிய மரபுப்படி, பெரும்பாலான நிரல் புத்தகங்களின் முதல் நிரல் திரையில் ‘ஹலோ, வேர்ல்டு’ என்று காட்டுவதாக இருக்கும். இவ்வளவு அற்பமான நிரல் எதற்கு என்று தோன்றலாம். அது நம் அறிவைச் சோதிப்பதற்காக இல்லை. நிரலை எழுதும் எடிட்டர் திறக்கிறதா, கோப்பு சேமிக்கப்படுகிறதா, நாம் எழுதியதைக் கணினி இயக்கும்படி செய்யும் கம்பைலரோ இன்டர்ப்ரெட்டரோ சரியாக நிறுவப்பட்டிருக்கிறதா, விடை எங்கே வந்து விழுகிறது என்று கருவிகளைச் சோதிப்பதற்காக இருக்கிறது. இந்த முதல் படியில் இரண்டு நாள் சிக்கிக்கொண்டால் மனம் தளர வேண்டியதில்லை. அது நிரலாக்கத்தில் தோல்வி அன்று, நிறுவலில் வந்த இடைஞ்சல்.

பிழைச் செய்திகளுக்கு வருவோம். சிவப்பு எழுத்துகளைக் கண்டவுடன் படிக்காமலேயே நிரலை அங்குமிங்கும் மாற்றத் தொடங்குவது எல்லோருக்கும் வரும் பழக்கம். செய்தியை முழுவதும், சொல் சொல்லாகப் படிக்க வேண்டும். பைத்தானில் பெரும்பாலும் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கும். அதே நேரத்தில், செய்தி சுட்டும் வரி எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. எட்டாம் வரியில் ஓர் அடைப்புக்குறியைத் திறந்துவிட்டு மூட மறந்தால், பழைய பைத்தான் ஒன்பதாம் வரியில் இலக்கணப் பிழை என்று சொல்லும். ஒன்பதாம் வரியை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் அதில் குற்றமே இருக்காது. கணினியின் பக்கம் நின்று பார்த்தால் நியாயம் விளங்கும்: அடைப்பு இன்னும் மூடப்படாததால் எட்டாம் வரி முடியவில்லை என்று எண்ணி அது தொடர்ந்து படிக்கிறது; ஒன்பதாம் வரியில் பொருந்தாத ஒன்றைக் கண்டவுடன்தான் நிற்கிறது. 2021-இல் வந்த 3.10 பதிப்பிலிருந்து, இந்த அடைப்பு மூடப்படவே இல்லை என்று திறந்த இடத்தையே அது சுட்டிக்காட்டுகிறது. ஆயினும் பிழை வெளிப்படும் இடமும் பிழை பிறந்த இடமும் வேறாக இருக்கலாம் என்ற பாடம் எல்லா மொழிக்கும் பொதுவானது.

பிழை வந்துகொண்டே இருக்கிறதே, நமக்கு இது ஒத்துவராதோ என்று நினைப்பவர்களுக்கு இரண்டு செய்திகள். எட்சாக் என்ற கணினியைக் கேம்பிரிட்ஜில் உருவாக்கிய மாரிஸ் வில்க்ஸ், நிரலாக்கத்துக்கென்றே எழுந்த முதல் பாடநூலாகக் கருதப்படும் புத்தகத்தை வீலர், கில் ஆகியோரோடு சேர்ந்து 1951-இல் வெளியிட்டவர். அந்தக் கணினி இயங்கத் தொடங்கிய 1949-ஆம் ஆண்டிலேயே, தன் வாழ்நாளில் எஞ்சிய காலத்தின் பெரும்பகுதி தன் சொந்த நிரல்களில் உள்ள பிழைகளைத் தேடுவதிலேயே கழியப்போகிறது என்ற உண்மை தனக்கு உறைத்ததாக அவர் பின்னர் நினைவுகூர்ந்தார்.

இரண்டாவது செய்தி, ‘பைனரி சர்ச்’ என்ற முறையைப் பற்றியது. வரிசைப்படுத்திய பட்டியலின் நடுவில் உள்ளதைப் பார்த்து, தேடுவது அதற்கு முன்னால் இருக்குமா பின்னால் இருக்குமா என்று முடிவு செய்து, பாதிப் பட்டியலை ஒதுக்கிவிட்டு, மீதியில் மறுபடியும் நடுவைப் பார்ப்பது. அகராதியில் சொல் தேடுகிற எவருக்கும் இது தெரியும்; ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டேன். இந்த முறை அச்சில் முதலில் வந்தது 1946-இல். எல்லா அளவுப் பட்டியல்களுக்கும் பிழையின்றி இயங்கும் வடிவம் அச்சேறியது 1960-களில். அத்தோடும் முடியவில்லை. ஜாவா மொழியோடு சேர்ந்தே வரும் ஆயத்த நிரல்களின் தொகுப்பில் இருந்த பைனரி சர்ச் நிரலில் ஒரு பிழை பல ஆண்டுகளாக ஒளிந்திருந்ததை, அதை எழுதிய ஜாஷுவா பிளாக்கே 2006-இல் வெளியிட்டார். நடு இடத்தைக் கண்டுபிடிக்க இரு முனைகளின் எண்களைக் கூட்டி இரண்டால் வகுத்திருந்தார்கள். பட்டியலில் நூறு கோடிக்கு மேற்பட்ட உறுப்புகள் இருந்தால் அந்தக் கூட்டுத்தொகை, ஜாவாவின் சாதாரண முழு எண் தாங்கக்கூடிய 214,74,83,647 என்ற எல்லையைத் தாண்டி, எதிர்ம எண்ணாகப் புரண்டுவிடும். கருத்தைப் புரிந்துகொள்வதற்கும் அதைச் சரியான நிரலாக்குவதற்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

புத்தகத்தில் பாதியைத் தாண்டும்போது, புத்தகத்தில் இல்லாத ஒரு நிரலைத் தொடங்கிவிடுவது நல்லது. அது பெரிதாக இருக்கக் கூடாது என்பதே என் ஒரே நிபந்தனை. படித்த நூல்களின் பட்டியலை ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு, புதியதைச் சேர்க்கவும், ஆண்டுவாரியாக எண்ணிச் சொல்லவும் கூடிய நிரல் போதும். முதல் வடிவத்தில் மூன்று நூல்களின் பெயர்களை நிரலுக்குள்ளேயே எழுதி, அவற்றைத் திரையில் காட்டினால் மட்டும் போதும். அது ஓடியபிறகு கோப்பிலிருந்து படிப்பது. அதுவும் ஓடியபிறகு புதிதாகச் சேர்ப்பது. ஒவ்வொரு கட்டத்திலும் ஓடுகிற நிரல் ஒன்று கையில் இருக்க வேண்டும். இருநூறு வரிகளை ஒரே மூச்சில் எழுதிவிட்டு முதன்முறையாக ஓட்டினால், பிழை அந்த இருநூறில் எதில் இருக்கிறது என்று தேட வேண்டும். ஐந்து வரிகளுக்கு ஒருமுறை ஓட்டினால், பெரும்பாலும் அந்த ஐந்தில் தேடினால் போதும்.

இப்படி எழுதும்போது, புத்தகம் சொல்லித்தராத ஒன்று விரைவிலேயே தேவைப்படும். அப்போது திறக்க வேண்டியது அந்த மொழியின் அதிகாரபூர்வ ஆவணம். புத்தகத்தைப் போல அது கைப்பிடித்து அழைத்துச் செல்லாது. மிகச் சுருக்கமாக, ஒவ்வொரு சொல்லும் கணக்கோடு எழுதப்பட்டிருக்கும். ஆகவே அதைப் படிக்கும் முறையும் வேறு. என் நூற்பட்டியலை வரிசைப்படுத்த பைத்தானில் ‘சார்ட்’ என்ற கட்டளையைத் தேடிக் கண்டுபிடித்து, வரிசைப்படுத்திய பட்டியலை மறுபடியும் அதே மாறியில் வைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, ‘நூல்கள் = நூல்கள்.சார்ட்()’ என்று எழுதினேன். அடுத்த வரியில் பட்டியலைக் காட்டச் சொன்னால், பட்டியல் போய்விட்டது; அதன் இடத்தில் ஒன்றுமில்லை என்று பொருள்படும் ‘நன்’ என்ற ஒற்றைச் சொல் நின்றது. அந்தக் கட்டளை புதிய பட்டியல் எதையும் திருப்பித் தருவதில்லை. இருக்கும் பட்டியலையே, இருந்த இடத்திலேயே வரிசைப்படுத்திவிடுகிறது. புதிய பட்டியல் வேண்டுமென்றால் அதற்கு ‘சார்ட்டெட்’ என்று வேறொன்று இருக்கிறது. ஆவணத்தில் ‘இருந்த இடத்திலேயே’ என்பது ஆங்கிலத்தில் இரண்டே சிறு சொற்களாகத் தெளிவாக இருந்தது. அதைக் கவனியாமல் கடந்து சென்றதால் எனக்கு ஒரு மாலைப் பொழுது முழுவதும் போயிற்று.